ஆறாவது சரணத்தை நான் மட்டும் பாடினேன்

மோர்ஸ் தீவு
ஜூலை 5, காலை

அன்பு மகள் சோல்வைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பியும் உயிரோடு இருக்கிறோம், யாருக்கும் காய்ச்சல் இல்லை, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அங்கே நீயும் ரெவியும் உங்கள் ஆடுகளும் குளிரில் விறைக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆடுகளை நான் விசாரிப்பதே இல்லை என்று போன தடவை குறைப்பட்டாயே, இதோ முதலிலேயே விசாரித்துவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ "அம்மா, சிக்னல் போகுது" என்பாய், உனக்குப் பிடிக்காத பேச்சு வருகிறபோது மட்டும் நியூசிலாந்தில் சிக்னல் போவதை நான் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அதோடு இந்த வீட்டுச் சுவர் எவ்வளவு மெலிசு என்று உனக்குத் தெரியும், மாடியில் எஸ்கில் தூங்குகிறான், அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளி முடிந்ததும் ஒரு வருடம் படிப்பை ஒத்திப்போட்டுவிட்டு உன் பண்ணைக்கு வரப்போகிறானாம் உன் தம்பி. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான், உன்னிடம்தான் இன்னும் கேட்கவில்லையாம், அவன் குணம் உனக்குத் தெரிந்ததுதானே. அவன் கேட்கும்போது இடமில்லை என்று சொல்லிவிடு. கூரை ஒழுகுகிறது என்று சொல், ஆடுகளுக்கு ஏதோ தொற்று என்று சொல், ரெவிக்கு மச்சான்மார் என்றாலே ஆகாது என்று சொல். எதையாவது சொல்.

ஏன் என்று கேட்பாய், முழுவதும் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் அவனுக்குக் கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்தது, கணக்கு. நானும் அப்பாவும் அறை வாசலில் சின்னக் கொடிகளும் ஒரு பாட்டில் ஷாம்பெய்னும் வைத்துக்கொண்டு நின்றோம், பள்ளி முடித்தவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பி என் பையில் இருந்தது. கடைசித் தேர்வு முடிகிறவரை தொப்பியை யாரும் தலையில் வைக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரியும், உன் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. தொப்பி வந்த அன்றே குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்திருக்கிறார், பின்பக்கம் இஞ்சின் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. அதனால்தான் கணக்கில் நாலு வந்தது என்கிறேன் நான். நாலு என்றால் மூச்சு இருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு கிரேத்தேயின் மகள் டில்டே அதே வகுப்பு, அவளுக்கு எல்லாவற்றிலும் பன்னிரண்டு, அதற்கு மேலே ஒரு மதிப்பெண் இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பாள். நேராக மருத்துவம் படிக்கப் போகிறாள். இதை கிரேத்தே என்னிடம் வேலிக்கு மேலாகச் சொன்னாள், தபால்காரனிடம் சொன்னாள், எங்கள் பூனையிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இருந்தாலும் எஸ்கில் வெளியே வந்ததும் அவன் தலையில் தொப்பியை வைத்தது நான்தான், அழுததும் நான்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி முடிக்கிற பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று வழி சொல்வதற்குத்தான் இந்தத் தீவுப் பள்ளி எனக்குச் சம்பளம் தருகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் என் அறையில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை தீரும், பெரும்பாலும் பெற்றோர்கள்தான் தீர்ப்பார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வேன் தெரியுமா, பயப்படாதீங்க, ஒரு வருஷம் ஒரு பெரிய விஷயமே இல்ல, பிள்ளை கொஞ்சம் ஊர் சுத்தட்டும், மூளை காயட்டும், திரும்பி வந்து நல்லாப் படிக்கும். நம்பிக்கையான குரலில் சொல்வேன், அந்தக் குரலை வீட்டில் பூனையிடம் பழகிப் பார்த்ததுண்டு. அவர்களும் மூக்கைச் சிந்திவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அவர்கள் பிள்ளைகளும் திரும்பி வந்துவிடுவார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருத்தன் தலைமுடியைச் சடையாக்கிக்கொண்டு வந்தான், ஒருத்தி ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள், ஆனால் வந்தார்கள்.

எஸ்கிலிடமும் என் தொழிலைக் காட்டிப் பார்த்தேன், சாப்பாட்டு மேசையில். மக்கள் கல்லூரிக்குப் போகிறாயா என்று கேட்டேன், தேர்வு கிடையாது, மார்க் கிடையாது, காலையில் எழுந்ததும் கூட்டமாகப் பாட்டு, மத்தியானம் மண்பானை செய்வது, சாயங்காலம் காதல், இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். "பாக்கலாம்" என்றான். ராணுவத்துக்குச் சீட்டு எடுத்தான், விலக்குச் சீட்டு வந்தது, வாழ்க்கையில் அவனுக்கு இருந்த அதிர்ஷ்டம் அத்தனையும் அன்றைக்கே செலவாகிவிட்டது என்று நினைக்கிறேன். அப்பாவோடு படகுப் பட்டறையில் இஞ்சின் வேலை பழகு, தொழிற்பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள், அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கோஸ்டாரிகாவில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விட உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றேன். "ஆமை இவ்ளோ நாளா தானாத்தானே போச்சு" என்றான். இப்படியே போய்க்கொண்டிருந்தவன் மார்ச் மாதம் ஒருநாள் திடீரென்று "சரிம்மா, ஆர்ஹூஸ்ல இன்ஜினியரிங் போறேன்" என்றான். என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறான், இப்போது புரிகிறது. ஊரார் பிள்ளைகள் பொய் சொன்னால் அவர்கள் உட்காருகிற விதத்திலேயே கண்டுபிடிக்கிறவள் நான். அன்றைக்கு சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டாவது துண்டு கேக் வெட்டிக் கொடுத்தேன்.

அந்த சந்தோஷத்தில்தான் பாட்டு எழுதினேன். நீ இப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். உனக்கு முதல் பல் முளைத்ததற்கே பாட்டு எழுதியவள், பள்ளி முடித்ததற்குச் சும்மா இருப்பேனா. ஒன்பது சரணம், எல்லோருக்கும் தெரிந்த கோடைக்கால மெட்டு, ஓரத்தில் அவன் குழந்தைப் படம் போட்டு வண்ணத்தில் அச்சடித்து, வகுப்புக்கே ஆளுக்கொன்று கணக்காக எடுத்து வைத்தேன். வகுப்பே லாரியில் ஏறி வீடு வீடாகச் சுற்றுகிற அன்று நம் வீட்டு முறை சாயங்காலம்தான், அதற்குள் முக்கால்வாசி வீடுகளில் குடித்துவிட்டு வந்திருப்பார்கள், அதனால் வயிறு நிறைகிற மாதிரி சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் ஸ்ட்ராபெரியும் ஏற்பாடு செய்தேன். உன் அப்பா கொடிக்கம்பத்துக்குப் புது வெள்ளை அடித்தார், புல்வெளியில் சிந்தியது போக மீதி கம்பத்தில் இருந்தது.

லாரி சந்து முனையில் திரும்பும்போதே ஹாரன் கேட்டது. இரண்டு பக்கமும் பீச் மரக் கிளைகளைக் கட்டியிருந்தார்கள், மேலே எல்லாம் வெள்ளைத் தொப்பிகளாகத் தெரிந்தது, பக்கவாட்டில் வழக்கம்போல ஒரு படுக்கை விரிப்பில் வாசகம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இந்த வருட வாசகம் என்ன தெரியுமா, "விபெக்கே காட்டிய வழி: நேராகப் போ, பீர் கடையில் திரும்பு." என் பெயரைப் போட்டு! தீவு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. நான் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை, படமும் எடுத்தேன், அனுப்புகிறேன். குதித்து இறங்கினார்கள், பாதிப் பேர் கடலில் விழுந்து எழுந்த ஈரத்தோடு இருந்தார்கள், கழிப்பறைக்கு வரிசை நின்றது, வரிசைக்குப் பொறுமை இல்லாத ஒருவன் கிரேத்தேயின் வேலிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். அவன் யார் என்று பார்த்தேன், ஆனால் கிரேத்தேயிடம் சொல்லவில்லை. அப்பா நடுவில் நின்று ஆடினார், நீ பார்க்காததே நல்லது.

அப்புறம் கரண்டியால் கிளாஸைத் தட்டிப் பாட்டுத் தாளைக் கொடுத்தேன். பிள்ளைகள் நல்லபடியாகப் பாடினார்கள், குடித்த பிள்ளைகள் எப்போதும் நன்றாகப் பாடும். இரண்டாவது சரணத்தில் அவன் மலச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது, நாலாவதில் மொபெட்டை ஃபியோர்டுத் தண்ணீரில் இறக்கியது, எல்லாவற்றுக்கும் சிரிப்பு, கைதட்டல். ஆறாவது வந்தது. "ஆர்ஹூஸ் நகரம் அழைக்குது, ஆறேழு பாலம் கேக்குது, ஞாயிறு வந்தால் எஸ்கில் வயிறு நம் வீட்டு அடுப்பைத் தேடுது." முதல் வரியில் நான் பாடினேன். இரண்டாவது வரியிலும் நான் பாடினேன். அப்போதுதான் கவனித்தேன், தோட்டத்தில் என் குரல் மட்டும்தான் இருந்தது. மெட்டு தவறிவிட்டதோ என்று நினைத்து, மடச்சி நான், கையை ஆட்டித் தாளம் போட்டு இன்னும் சத்தமாகப் பாடினேன். அந்த உயரமான பையன் லாவ்ரிட்ஸ், எஸ்கிலோடு மொபெட்டில் போய் விழுந்தவன், அவன்தான் தாங்க முடியாமல் கத்தினான், "விபெக்கே, பாட்ட மாத்துங்க! அவன் அக்கா வீட்டுக்கு ஆடு மேய்க்கப் போறான்!" லாரிக் கூட்டம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது, பிறகு என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எஸ்கில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கு சாலட்டை ஏதோ தொலைத்தவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்தே தெரிந்துவிட்டது, இவருக்கும் தெரியும்.

இன்னும் மூன்று சரணம் பாக்கி. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, வீடு தீப்பிடித்தாலும் எடுத்த பாட்டைப் பாதியில் விட மாட்டோம். ஏழாவதில் அவன் பட்டம் வாங்கினான், எட்டாவதில் எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், அதுவும் தீவிலேயே, ஒன்பதாவதில் எல்லோரும் சேர்ந்து நீடூழி வாழ்ந்தோம். தலையைக் குனிந்தபடி அத்தனை பேரும் கடைசி வரை பாடினார்கள், டில்டே மட்டும் இரண்டாம் குரலில் பாடினாள். பிறகு ஒன்பது ஹுர்ரா, அப்புறம் நீளமாக மூன்று ஹுர்ரா. பிள்ளைகள் லாரியில் ஏறினார்கள், நான் கொடியை ஆட்டி வழியனுப்பினேன். இந்தத் தீவில் யாருடைய துக்கத்துக்கும் இவ்வளவு ஹுர்ரா போட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் அவன் எழுந்து வந்த பிறகு அடுக்களையில் சண்டை. முதலில் அப்பாவைப் பிடித்தேன், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று. "ஈஸ்டர்லேர்ந்து" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ சத்தம் போடுவேன்னு" என்றார். நான் சத்தம் போடுகிறவளா என்று கேட்டேன், கேட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. எஸ்கில் ரொம்ப நிதானமாக, "நீ ஸ்கூல்ல எல்லாப் பயலுக்கும் சொல்றதத்தானேம்மா நான் செய்றேன். ஒரு வருஷம் ஒரு பெரிய விஷயமே இல்லன்னு நீதானே சொல்லுவே" என்றான். என் குரலிலேயே சொன்னான், சோல்வை, அந்த நம்பிக்கையான குரலில்! "எல்லாப் பயலும் எம் புள்ள இல்லடா" என்றேன். அந்த நேரம் பார்த்து கிரேத்தே ஒரு ருபார்ப் கேக்கோடு வந்து நின்றாள், ஆறுதல் சொல்ல வந்தாளாம், கேக் அடியில் கருகியிருந்தது, அவ்வளவு அவசரமாகச் செய்திருக்கிறாள். "ஒரே ஒரு வருஷந்தானே விபெக்கே, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிப் போயிரும்" என்றாள். "என் மகளும் ஒரு வருஷம்னுதான் போனா. எங்க குடும்பமே கணக்குல வீக்கு" என்றேன். கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை, ஆனால் குத்தினால் கொஞ்சம் குத்தட்டும். பழம் பறிக்க ஒரு வருடம் என்று போனாய். பிறகு அடுத்த பருவத்துப் பழமும் நன்றாக இருக்கும் என்றாய். அதற்கடுத்து ரெவி. ரெவி நல்ல பையன், அதுதான் எனக்கு வாய்த்த கஷ்டம், கெட்டவனாக இருந்திருந்தால் நீ அழுதுகொண்டு எப்போதோ வந்து சேர்ந்திருப்பாய், நானும் இரண்டு திட்டு திட்டிவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை வந்தாய், தாத்தாவின் அடக்கத்துக்கு ஒன்று, அப்பாவின் அறுபதுக்கு ஒன்று, இரண்டு தடவையும் நேரம் மாறிப் பாதி நாள் தூங்கினாய். உன் அறையை நான் கோயிலாக வைத்திருக்கவில்லை, அங்கே உன் அப்பா பீர் காய்ச்சுகிறார், கதவைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உன் வாழ்க்கை உனக்குப் பொருந்தியிருக்கிறது, ஆடு போடுகிற குட்டியைக் கையால் இழுத்து எடுத்தேன் என்று நீ சொன்னபோது ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன், கிரேத்தே அப்போது ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் சோல்வை, ஒரு பிள்ளையை உலகத்தின் அந்தக் கோடிக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் கொடுக்கிற அளவுக்கு எனக்கு மனசு பெரிதில்லை. அவனும் ஒரு பழம், ஒரு பருவம், ஒரு நல்ல பெண் என்று அங்கேயே தங்கிவிட்டால், நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் என்ன செய்வது. அவர் பீரைக் குடிப்பதா. எனக்கு பயமாக இருக்கிறது, இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது.

இன்று மத்தியானம் பன்னிரண்டு மணியோடு பல்கலைக்கழக விண்ணப்பம் முடிகிறது. வேறு வருடங்களில் இந்த நாளில் எனக்குப் போன் ஓயாது, கடைசி நிமிடத்தில் பாஸ்வேர்டு மறந்த பிள்ளைகள், மகனுக்குப் பதிலாக விண்ணப்பித்துவிட்டு மாட்டிக்கொண்ட அம்மாக்கள். இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், மாடியில் அவன் கட்டில் கிறீச்சிடுகிறதா என்று ஒரு காதை மேலே வைத்துக்கொண்டு. அவன் மனசு மாறி அனுப்பிவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவேன். இதோ படிக்கட்டில் சத்தம் கேட்கிறது, வருகிறான், கொஞ்சம் பொறு.

வந்து போய்விட்டான். இப்போது மணி ஒன்று தாண்டிவிட்டது, என் கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னித்துக்கொள். தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு இறங்கி வந்தான், ஒரு வாரமாகக் கழற்றவில்லை, தொப்பியிலிருந்து ஒரு துறைமுக நாற்றம். கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி நின்றபடியே தின்றான். அனுப்பிவிட்டாயா என்றேன். "இல்ல" என்றான். அதற்குள் ரேடியோவில் நகர மண்டபத்து மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது, இரண்டு பேரும் கடைசி அடி வரை கேட்டோம். முடிந்தது. சரி, போவதுதான் போகிறாய், கனடாவுக்குப் போயேன், ஜப்பானுக்குப் போயேன், எத்தனை நாடு கிடக்கிறது, அவளிடம்தான் போக வேண்டுமா என்று கேட்டேன். ஊர் சுற்றத்தான் ஆசை என்றால் எங்கே சுற்றினால் என்ன என்றேன். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "ஊர் சுத்தறதுக்கில்லம்மா. எனக்கு அக்காவத் தெரியாது" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை, தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்றேன். "அவ போறப்ப எனக்குப் பத்து வயசு. அவளப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ சொன்ன கததான். போன்ல வருவா, ஸ்கூல் எப்படிடாம்பா, நல்லாருக்கும்பேன், ஆடெல்லாம் எப்படிம்பேன், நல்லாருக்கும்பா, அவ்ளோதான். நீயும் அப்பாவும் போனப்புறம் எனக்குன்னு மிச்சம் இருக்கப்போறது அவ ஒருத்திதானே. அவ எப்படிப்பட்ட ஆளுன்னு பாத்துட்டு வரேன்மா" என்றான். நானும் அப்பாவும் எப்போது போவதாக அவன் திட்டம் வைத்திருக்கிறான் என்று கேட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை என்றான். அப்புறம் என்னவோ, இரண்டு பேரும் சிரித்தோம், நான் சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன், அவன் எனக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தான். என் அலுவலகப் பெட்டியிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது, அதையும் பார்த்துவிட்டான். என் அறைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் தன்னைத் தேடப் போகிறேன் என்பார்கள், அவர்களுக்கு என்னிடம் நாலு வகைப் பதில் இருக்கிறது. அக்காவைத் தேடிப் போகிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. காலையில் உன் அம்மா எவ்வளவு அற்பமாக இருந்தாள் என்று நீ தெரிந்துகொள்வதில் தப்பில்லை. கூரையைப் பற்றிப் பொய் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் கேட்டால் வா என்று சொல், அவன் கேட்கக் கூச்சப்பட்டால் நீயே கூப்பிடு. இலையுதிர் காலம் முடியும்வரை சிப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பயணச் செலவுக்குச் சேர்க்கிறானாம், அந்த வாடையோடுதான் அங்கே வந்து இறங்குவான், ஜன்னலைத் திறந்து வை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவான், சொன்னால் எடுப்பான், நாளைக்குத் திரும்பப் போடுவான். சாப்பாடு என்ன போட்டாலும் தின்பான், எவ்வளவு போட்டாலும் தின்பான். உங்கள் வண்டியை ஓட்டக் கொடுக்காதே, தண்ணீர் இருக்கிற பக்கமாக அவனுக்குக் கை இழுக்கும். விருந்தாளியாக நடத்தாதே, விடிகாலையில் எழுப்பி வேலை வாங்கு. அவனோடு சண்டை போடு, உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சண்டைகூட நடந்ததில்லை, அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. ஏன் அங்கே தங்கினாய் என்று கேட்டால் எங்களிடம் சொன்ன காரணத்தைச் சொல்லாமல் நிஜத்தைச் சொல். எங்களைப் பற்றிக் கேட்டால் அதையும் நிஜமாகவே சொல், நான் தாங்கிக்கொள்வேன். ரெவியிடம் சொல்லி வை, அவனிடம் அளவுக்கு மீறி அன்பாக இருக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவையாவது கடுகடுவென்று இருக்கட்டும். பக்கத்துப் பண்ணைகளில் கல்யாணமாகாத பெண்கள் இருந்தால் அவன் வருவதற்கு முன்னால் எங்காவது படிக்க அனுப்பிவிடு, எந்தப் படிப்பு என்று கேட்டால் நான் இங்கிருந்தே யோசனை சொல்கிறேன், அது என் தொழில்தானே.

அப்பா பட்டறையிலிருந்து வந்தார், உனக்குத்தான் எழுதுகிறேன் என்றதும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், பீர் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அது பொய். நீயும் ரெவியும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், குட்டி போடுகிற பருவத்தில் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள், குளிரில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள், மூக்கு சிவந்தால் நீ அழகாக இருக்க மாட்டாய். கடவுள் என்று ஒருவர் இருந்தால் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருடம் முடிந்ததும் வேறு யாரையும் அனுப்பாமல் நீயே அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாமல், உள்ளே போகிறானா என்று நின்று பார். இன்னும் ஒரு பருவம் இருக்கேனே என்று இழுப்பான், காதில் வாங்காதே, முதுகில் கை வைத்துத் தள்ளு. அப்படியும் தனியாகப் போக மாட்டேன் என்று நின்றால் நீயும் அவனோடு ஏறி வந்துவிடு.

உன் அம்மா
விபெக்கே